ஆடாமல் அமர்ந்திருப்பவர்

கிழக்கே வங்கக் கடலையும் மற்ற மூன்று திசைகளிலும் தமிழ்நாட்டு நிலத்தையும் எல்லையாகக் கொண்டு, அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்திருக்கிற காரைக்கால் என்னும் சிறு பிரதேசம், தன்னுடைய தலைநகரமாகிய புதுச்சேரியை எட்ட வேண்டுமானால், தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வேறொரு மாநிலத்தின் ஊர்களை வரிசையாகக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டும். அதே ஆட்சிக்கு உட்பட்ட மாஹே மேற்குக் கடற்கரையில் மலையாளம் பேசுகிறது. ஏனாம் கோதாவரிக் கரையில் தெலுங்கு பேசுகிறது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி விலகிய காலத்தில் இந்த நான்கு துண்டுகளையும் சேர்த்து வைத்திருந்தது நிலத்தின் தொடர்ச்சியும் அன்று, மொழியின் தொடர்ச்சியும் அன்று. ஆயினும் அவை ஒன்றாகவே இருந்தன, இன்றும் இருக்கின்றன. பிரிந்து கிடப்பவை எவ்வாறு ஒன்றாகின்றன என்ற வினா, ஆகவே, காரைக்காலில் வாழ்பவன் வேதாந்த சபைக்குப் போய்க் கேட்டறிய வேண்டிய வினா அன்று. புதுச்சேரிக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் அவனுக்கு எதிர்ப்படுகிற வினா.

அந்த வினாவை அதன் மிகச் சிறிய வடிவில் காண விரும்புவோர் மாலை வேளையில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து ஆடுகளத்தின் ஓரத்தில் சற்று நேரம் நிற்கலாம். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தளம்; ஒரு பந்து; ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். திருநள்ளாற்றிலிருந்து ஒருவன், நிரவியிலிருந்து ஒருவன், கோட்டுச்சேரியிலிருந்தும் திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் ஒவ்வொருவன், எல்லைக்கு அப்பால் நாகூரிலிருந்து ஒருவன் என்று வருகிற பிள்ளைகளில், கைலாசநாதர் கோயில் தேரை இழுத்து வளர்ந்தவனும் இருப்பான், மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரியில் வளர்ந்தவனும் இருப்பான், சம்மனசு மாதா கோயில் மணியோசையில் கண்விழிப்பவனும் இருப்பான். கல்லூரி திறக்கும் மாதத்தில் ஒருவன் பெயரை ஒருவன் அறியாதிருந்த இவர்கள், பருவம் ஒன்று கழிவதற்குள், திரும்பிப் பாராமலே பந்தை எறிகிறார்கள். எறிந்த இடத்தில் தோழன் வந்து நிற்கிறான். ‘டீம் செட் ஆகிவிட்டது’ என்று மைதானத்தில் பேசிக்கொள்வார்கள். அதே கல்லூரியில், அதே தளத்தில், இவர்களைவிட உயரமும் வேகமும் மிக்க ஐவர் அதற்கு முந்தின ஆண்டு கூடியிருந்தும் கடைசிவரை ஐந்து தனி மனிதர்களாகவே ஆடித் தோற்றிருக்கவும் கூடும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதற்குக் கர்த்தா யார்?

பொதுவாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. ஒற்றுமை என்பது பயிற்சியாளர் தம் சாமர்த்தியத்தால் உண்டாக்கும் பொருள் என்பது முதல் விடை. வெற்றி விழா மேடைகளில் மாலை போடும்போது இதுவே பேசப்படும். ஒற்றுமை என்பது தானே அமைந்தால் உண்டு, அமையாவிட்டால் இல்லை, அது அதிர்ஷ்டம் என்பது இரண்டாவது விடை. தோல்விக்குப் பிறகு ஓய்வறையில் சொல்லப்படுவது இது. இரண்டும் பிழை என்பதும், இவ்விரண்டுக்கும் நடுவே நம்முடைய சாஸ்திரங்கள் பழைய காலத்திலேயே வகுத்து வைத்த மூன்றாவது விடை ஒன்று உண்டு என்பதும், அந்த மூன்றாவது விடையில்தான் ஒரு பயிற்சியாளருடைய தொழிலின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முதலில் ஆட்டத்தின் பிறப்பைப் பார்ப்போம். கானடா தேசத்தில் பிறந்து, மாண்ட்ரீல் நகரில் கிறிஸ்தவ சமய சாஸ்திரம் பயின்று, பிரசங்க மேடையைக் காட்டிலும் விளையாட்டு மைதானத்தின் வாயிலாகவே இளைஞரின் ஆன்மாவை எளிதில் அணுகலாம் என்று நம்பிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடங்காப்பிடாரிகளாகிவிட்ட 18 மாணவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தவித்தபோது, பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைப் 10 அடி உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி இந்த ஆட்டத்தைத் தோற்றுவித்தார். அந்த விதிகளுள் நம்முடைய ஆராய்ச்சிக்கு மிகவும் முக்கியமானது ஒன்று: பந்தைப் பிடித்தவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே அதை எறிந்துவிட வேண்டும். தரையில் தட்டிக்கொண்டு ஓடும் டிரிபிள் முறை பிற்பாடு வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் இருந்தது தியாகம் ஒன்றுதான். உடைமையாக வைத்துக்கொள்ளும் உரிமையை அடியோடு மறுத்துவிட்டு, கொடுத்தால் மட்டுமே ஆட்டம் நகரும் என்று அவர் ஏற்படுத்தினார். கூடையைத் தரையில் வைக்காமல் தலைக்கு மேலே மாட்டியதும் அதே நோக்கத்தைச் சேர்ந்தது. பலத்தால் மோதி உள்ளே திணிக்க இடமில்லாமல், மெல்ல வளைத்து எறிந்தால்தான் விழும்படி செய்தார். சமய சாஸ்திரம் கற்ற ஒருவர் விதி எழுதினால் அவ்விதியில் தத்துவம் புகாமல் இருக்குமா?

அந்த ஆட்டம் நம் நாட்டிலும் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியாகவே வேரூன்றிற்று. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் புறப்பட்ட உடற்கல்வி ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பரவினார்கள். அந்த நூற்றாண்டுக் காலப் பயிரின் விளைச்சலை 2017இல் பெங்களூரில் கண்டோம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தலைமையில் இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டியில் கஜகஸ்தானை 75க்கு 73 என்ற கணக்கில் வென்று பட்டம் பெற்றது. 2021இல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் கிடைத்த வெற்றியில் அந்த இரண்டு புள்ளிகள் யாருடையவை? கூடையில் போட்டவளுடையவையா, பந்து கொடுத்தவளுடையவையா, எதிரியை மறித்து வழி விட்டவளுடையவையா, அல்லது களைத்தவளுக்கு ஓய்வு கொடுத்துப் பெஞ்சியிலிருந்து எழுந்து வந்தவளுடையவையா? எந்தக் கணக்கராலும் இதைப் பிரித்து எழுத முடியாது. கர்த்திருத்வம் ஒருவரிடத்தில் நில்லாமல் நழுவிக்கொண்டே போகிற இந்த இடத்தில்தான் தத்துவ விசாரம் தொடங்குகிறது.

ஆட்டத்தைப் படைத்தவரே அதைக் கற்பிக்க ஒரு பயிற்சியாளர் தேவை என்று கருதவில்லை என்பது சுவையான செய்தி. நெய்ஸ்மித் 1898இல் கான்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே முதல் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றில், வென்றதைவிட அதிகம் தோற்ற பயிற்சியாளர் ஆட்டத்தைப் படைத்தவர் ஒருவரே. அவருடைய மாணவர் ஃபாக் ஆலன், தம்மை வேறொரு கல்லூரி பயிற்சியாளராக அழைக்கிறது என்று வந்து சொன்னபோது, இது ஆடப்பட வேண்டிய ஆட்டமேயன்றிப் பயிற்றுவிக்கப்பட வேண்டியது அன்று என்று ஆசிரியர் நகைத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. இந்த மனப்பான்மை நெடுங்காலம் விதிகளிலேயே ஊறியிருந்தது. 1940களின் இறுதிவரையில், ஆட்டம் நிறுத்தப்படும் டைம்-அவுட் வேளையில்கூட, அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் பயிற்சியாளர் தம் பிள்ளைகளோடு பேச அனுமதி இல்லை. பெஞ்சியில் அமர்ந்து பார்த்திருப்பதே அவருக்கு விதிக்கப்பட்ட காரியம். அப்படியானால் அவர் எதற்கு?

இதற்குப் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில், கைவல்ய பாதத்தின் தொடக்கத்தில், ஓர் அரிய விடை இருக்கிறது. நிமித்த காரணம் பிரகிருதியை உந்தித் தள்ளுவதில்லை. தடையை மட்டும் விலக்குகிறது. உழவன் செய்வதும் அவ்வளவே என்பது அந்தச் சூத்திரத்தின் கருத்து. காவிரியின் கடைமடையிலே வாழ்கிற காரைக்கால்காரனுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் தன் வயலுக்கு வருவது இடைவழியில் வாய்க்கால் தூர் வாரப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்று அவன் அறிவான். தண்ணீரை உண்டாக்கியவன் உழவன் அல்லன். அதைத் தோளில் சுமந்து வந்தவனும் அல்லன். சரிவை நோக்கிப் பாய்வது நீரின் ஸ்வபாவம். ஆனால் கோரையும் சேறும் அடைத்துக்கொண்டிருந்த வாய்க்காலைத் திறந்து மடையை வெட்டிவிட்டவன் அவனே. அவன் அதைச் செய்யாதிருந்தால் வயல் காய்ந்திருக்கும். உண்டாக்குவதும் அன்று, வாளாவிருப்பதும் அன்று, தடை நீக்குவது. பயிற்சியாளரின் தொழிலும் இதுவே. மனிதன் மனிதனோடு இசைவது மனித ஸ்வபாவம். அவ்வாறு இசையவொட்டாமல் தடுப்பது ஒன்று உண்டு. அதை அகற்றுவதுதான் அவர் செய்யக்கூடியது.

தடுப்பது எது என்பதைச் சைவ சித்தாந்தம் பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஆணவம் என்னும் மூலமலம் ஆன்மாவைச் சுருக்குகிறது. எங்கும் நிறைய வேண்டியதை ‘நான்’ என்றும் ‘எனது’ என்றும் ஒரு சிறு கூட்டுக்குள் அடக்குகிறது. ஆடுகளத்தில் இந்த மலத்தின் காரியத்தைப் பிரத்தியட்சமாகப் பார்க்கலாம். கூடைக்கு அருகே தோழன் தனியாக நின்று கை உயர்த்திக் கேட்க, அவனைப் பாராமல் தானே எறிகிறவனுக்குக் கண் இல்லாமலில்லை. கண்ணைப் பார்க்கவொட்டாமல் ஏதோ மறைக்கிறது. அந்த மலம் நீங்கிய நிலையிலும் ஆன்மா அழிந்துபோவதில்லை என்பது சித்தாந்தத்தின் சிறப்பான கொள்கை. இறைவனோடு கலந்தும் ஆன்மா ஆன்மாவாகவே இருந்து அனுபவிக்கும். ஒன்றாதலும் வேறாதலும் உடனாதலும் ஒருங்கே நிகழும். நல்ல அணியின் இலக்கணமும் இதுவே. ஐவரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாகிவிட்டால் அது ராணுவ அணிவகுப்பாகலாம், ஆட்டமாகாது. நெட்டையன் நெட்டையனாகவே இருந்து ரீபவுண்டுக்கு எழும்ப வேண்டும். குட்டையன் தன் துடிப்போடு பந்தைக் கடத்த வேண்டும். குறும்புக்காரன் தன் குறும்பால் எதிரியை ஏமாற்ற வேண்டும். வேற்றுமையை அழித்து வருகிற ஒற்றுமையைப் பயிற்சியாளர் விரும்பினாரானால், அவர் தூர் வாரவில்லை, வாய்க்காலையே தூர்க்கிறார்.

இந்தத் தடை நீக்கும் தொழிலை வாழ்நாள் முழுவதும் செய்த ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நெய்ஸ்மித்தின் மாணவர் ஆலன். ஆலனின் மாணவர் டீன் ஸ்மித். 1952இல் கான்ஸாஸ் அணி தேசிய வெற்றி பெற்றபோது அதில் ஸ்மித் ஒரு மாற்று ஆட்டக்காரர். ஆடியதைவிடப் பெஞ்சியில் இருந்த நேரமே அவருக்கு அதிகம். குரு பரம்பரையில் மூன்றாமவராகிய இவர், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை 36 பருவங்கள் பயிற்சியாளராயிருந்து 879 ஆட்டங்களில் வெற்றி கண்டார். அவர் ஏற்படுத்திய வழக்கங்கள் சில சிறியவை. ஆனால் ஆணவத்தின் வேரை அறிந்தவர் மட்டுமே அவற்றை ஏற்படுத்தியிருக்க முடியும். கூடையில் பந்தைப் போட்டவன், உடனே, தனக்குப் பந்து கொடுத்தவனைக் கையால் சுட்டிக் காட்ட வேண்டும். களைத்துப் போனவன் முஷ்டியை உயர்த்தினால் போதும், அவனை வெளியே எடுத்துக்கொள்வார். அவ்வாறு தானாகக் கேட்டு வெளியே வந்தவன், தெளிந்தபின் தானாகவே உள்ளே போகலாம். வெளியே வருகிறவனைப் பெஞ்சியில் இருப்பவர்கள் எழுந்து நின்று வரவேற்க வேண்டும். கல்லூரிப் படிப்பு முடிந்து போகிறவர்களுக்கு, அதுவரை களமே காணாதவனாயிருந்தாலும், சொந்த மண்ணில் நடக்கும் கடைசி ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் உரிமை உண்டு.

இவற்றில் உபதேசம் ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘அகங்காரத்தை விடு’ என்று இருபது வயதுப் பையனிடம் சொன்னால் அவன் தலையசைப்பான். அகங்காரம் தலையசைத்த இடத்திலேயே இருக்கும். முஷ்டி உயர்த்தும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனக்குக் களைப்பு வந்தது என்று ஒப்புக்கொள்ள ஆட்டக்காரனுக்கு மனம் வராததற்குக் காரணம், வெளியே போனால் இடம் பறிபோகும் என்ற அச்சம். அச்சத்தின் அடியில் இருப்பது ‘எனது இடம்’ என்னும் மமகாரம். ஸ்மித் அந்த மமகாரத்தை எதிர்த்துப் பேசவில்லை. திரும்பிப் போகும் உரிமையை முன்கூட்டியே கொடுத்து அச்சத்துக்குக் காரணமில்லாமல் செய்துவிட்டார். அச்சம் போன இடத்தில் மமகாரம் தானே தளர்ந்தது. உடம்பின் சிறு பழக்கங்கள் வழியாக உள்ளத்தின் பெரிய முடிச்சை அவிழ்க்கிற இந்த முறை நமக்குப் புதிதன்று. நம் பெரியோர்கள் சரியை, கிரியை என்று வகுத்தது இதைத்தான். 1964 முதல் 1975 வரையிலான காலத்தில் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்குப் பத்துத் தேசிய வெற்றிகளைத் தேடித் தந்த ஜான் வுடன், ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், நாடறிந்த ஆட்டக்காரர்களைக்கூட உட்கார வைத்து, காலில் கொப்புளம் வராமல் காலுறையை மடிப்பின்றி அணிவது எப்படி என்று கற்பித்துத்தான் தொடங்குவார். வெற்றியைப் பற்றிப் பேசுவதை அவர் தவிர்த்து வந்தார். பலனில் கண் வைக்காமல் கருமத்தில் சிரத்தை வைப்பது என்பதற்கு, மடிப்பில்லாத காலுறையைக் காட்டிலும் தெளிவான பாஷ்யம் ஒன்றை நான் கண்டதில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஆணவம் முற்றும் கரைந்தவன் ஆடுவானா? கடைசி வினாடியில், ஆயிரக்கணக்கானவர் கூச்சலிட, ‘நான் போடுவேன்’ என்று துணிந்து எறிகிறவனுக்கு அந்த ‘நான்’ வேண்டாமா? இதற்கு ஸ்மித்தின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. 1981ஆம் ஆண்டு இறுதியில் ஒரு புகழ் பெற்ற விளையாட்டுப் பத்திரிகை அவருடைய அணியின் முதன்மை ஆட்டக்காரர்களை அட்டைப்படத்துக்குக் கேட்டபோது, முதலாண்டு மாணவன் ஒருவனை மட்டும் அவர் அந்தப் படத்தில் நிற்க விடவில்லை. அந்த மாணவன் பெயர் மைக்கேல் ஜோர்டான். நான்கு மாதம் கழித்து, 1982ஆம் ஆண்டுத் தேசிய இறுதியாட்டத்தில், ஒரு புள்ளி பின்தங்கியிருந்த வேளையில், கடைசி எறிதல் எவனுக்கு வாய்க்கக் கூடும் என்று முன்னறிந்து, அதே முதலாண்டு மாணவனைத் தயங்காமல் எறியும்படி டைம்-அவுட்டில் சொல்லி அனுப்பியவரும் அவரே. ஜிம்மி பிளாக் பந்தைக் கொடுத்தான், ஜோர்டான் எறிந்தான், 63க்கு 62 என்று ஆட்டம் முடிந்தது. படத்தில் நிற்காதே என்றதும் பந்தை எறி என்றதும் முரண்பட்ட கட்டளைகள் அல்ல. முன்னது பெயரைப் பற்றியது, பின்னது கடமையைப் பற்றியது. தன் முறை வந்தபோது ஐயமின்றிச் செயல்படுவது ஆத்ம விசுவாசம். தன் முறை அல்லாதபோதும் பந்து தன்னுடையதே என்று எண்ணுவது ஆணவம். பின்னதைக் களைந்தால் முன்னது குன்றாது; களையை எடுத்த பயிர்போல் அது செழிக்கவே செய்யும்.

மற்றோர் ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. கொள்ளைக் கூட்டத்துக்கும் ஒற்றுமை உண்டே! பத்மவியூகத்துக்குள் தனியே சிக்கிய அபிமன்யுவைச் சூழ்ந்துகொண்டு, ஒருவன் வில்லை முறிக்க, ஒருவன் குதிரைகளைக் கொல்ல, ஒருவன் சாரதியை வீழ்த்த, மகாரதர்கள் காட்டிய கூட்டுச் செயலில் குறை என்ன? குறை, அந்த ஒற்றுமை எதன்மேல் நின்றது என்பதில் இருக்கிறது. அங்கே கூட்டு சேர்ந்தது ஆணவம் நீங்கிய ஆன்மாக்கள் அல்ல; பல ஆணவங்கள் ஒரு பெரிய ஆணவமாகத் திரண்டிருந்தன. ‘நான்’ என்பது ‘நாங்கள்’ என்று வேஷம் மாற்றிக்கொண்டால் மலம் நீங்கிவிட்டதாக ஆகாது. நடுவர் காணாத வேளையில் எதிரியின் காலை வாரிவிடுகிறவனைத் தன் பையன் என்பதற்காகத் தட்டிக் கொடுக்கிற பயிற்சியாளர் இத்தகைய ஒற்றுமையைத்தான் வளர்க்கிறார். உண்மையான இசைவுக்கு ஓர் அடையாளம் சொல்லலாம்: அது கோட்டுக்கு அப்பால் நிற்கிற எதிரணியையும், விசிலடிக்கிற நடுவரையும், தோற்ற நாளன்று தம் தோழரையும் மரியாதையோடு பார்க்கச் செய்யும்.

இவ்வளவும் ஆட்டக்காரனுடைய ஆணவத்தைப் பற்றி. பயிற்சியாளருடைய ஆணவத்தை யார் நீக்குவது? பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்களித்துச் சாரதியாக அமர்ந்த கண்ணன், பீஷ்மருக்கு எதிரே அர்ஜுனன் தளர்ந்து போரிடுவதைக் காணச் சகியாமல், தேரிலிருந்து குதித்துத் தானே அவரைக் கொல்ல ஓடினான். அர்ஜுனன் பின்னாலேயே ஓடிக் காலைப் பற்றிக்கொண்டு, வாக்கை நினைப்பூட்டித் திருப்பி அழைத்து வந்தான். கண்ணனுக்கே நேர்ந்த சோதனை கல்லூரிப் பயிற்சியாளருக்கு நேராதா? அவர் கோட்டுக்கு வெளியே குதிக்கிறார், கத்துகிறார், ஒவ்வொரு பாஸையும் தாமே எறிவதுபோல் கையை வீசுகிறார். பையன்கள் பந்தைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கணமே இசைவு அறுந்துபோகிறது. இது வெளிப்படையான ஆணவம். மறைவானது வேறு. தன் ஜாதிப் பையன், தன் ஊர்ப் பையன், பெரிய மனிதர் சிபாரிசு பெற்ற பையன் என்று தேர்வில் கை தாழ்கிற இடத்தில் ஐவருக்கும் உள்ளுக்குள் உண்மை தெரிந்துவிடும்; அதன்பின் ஆயிரம் பயிற்சி செய்தாலும் வாய்க்காலில் தண்ணீர் வராது. நோன்பு மாதத்தில் ஒரு பையன் வெறும் வயிற்றோடு ஓடுகிறான் என்பதை அவன் சொல்லாமலே அறிந்து பயிற்சி நேரத்தை மாற்றி வைக்கிறவரும், மாங்கனித் திருவிழா அன்று ஒருவனுக்கும் மாதா கோயில் திருவிழா அன்று இன்னொருவனுக்கும் கேளாமலே விடுமுறை கொடுக்கிறவரும், ஒற்றுமையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அதற்கு வழி திறந்துவிடுகிறார்.

பயிற்சியாளர் கற்பிப்பவர் மட்டுமல்லர், கற்பவரும் ஆவார் என்பதற்குக் காரைக்காலை அடுத்த திருநள்ளாறே சாட்சி. நளதீர்த்தத்தில் மூழ்கித் தர்ப்பாரண்யேசுவரரை வழிபட்டுச் சனியின் பிடியிலிருந்து நளன் விடுபட்டான் என்பது அத்தலத்தின் ஐதீகம். மகாபாரதத்தின் வனபர்வத்தில் அவனைப் பிடித்திருந்தவன் கலி. அங்கே நளன் விடுபட்ட விதம் இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சூதாட்டத்தில் நாட்டை இழந்து, உருவும் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபர்ணனுக்குத் தேரோட்டியாக அமர்ந்த நளன், விதர்ப்ப நாட்டை நோக்கித் தேரைக் காற்றாய்ச் செலுத்திக்கொண்டிருந்தபோது, வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் மன்னன் எண்ணிச் சொல்வதைக் கேட்டு வியந்து, தேரை நிறுத்தி, இறங்கிச் சரிபார்த்தான். பிறகு இருவரும் வித்தையைப் பரிமாறிக்கொண்டார்கள்: மன்னன் சூதின் நுட்பத்தைக் கொடுத்தான், தேரோட்டி குதிரைகளின் உள்ளத்தை அறியும் வித்தையைக் கொடுக்க இசைந்தான். அந்தக் கணத்தில்தான் கலி நளனை விட்டு வெளியேறினான். தனியே காட்டில் அலைந்தபோது நீங்காத பீடை, ஏறி அமர்ந்திருப்பவனும் ஓட்டுகிறவனும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டபோது நீங்கியது. தம்மைவிட வேகமாக ஆட்டத்தின் போக்கைக் கணிக்கிற ஒரு பதினெட்டு வயதுப் பையனைக் கண்டால், தேரை நிறுத்தி இறங்கிக் கேட்கிற பணிவு பயிற்சியாளருக்கு வேண்டும். அந்தப் பணிவைக் கண்ட அணிக்குப் பணிவைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

இனி, ஆடாதவருக்கு ஆட்டத்தில் என்ன ஆனந்தம் என்ற கடைசிக் கேள்விக்கு வருவோம். பயிற்சியாளரைப் பற்றி உலகத்தில் ஓர் ஏளனம் உண்டு: ஆட முடிந்தவன் ஆடுகிறான், முடியாதவன் ஓரத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறான் என்று. அவருடைய இடம் ஒரு குறைபாட்டுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு என்பது இதன் பொருள். காரைக்காலில் பிறந்த பெருமாட்டி ஒருத்தியின் வரலாறு இந்த ஏளனத்துக்கு விடையாக நிற்கிறது. தனதத்தனின் மகளாகவும் பரமதத்தனின் மனைவியாகவும் இவ்வூரில் வாழ்ந்த புனிதவதியார், மாங்கனியின் அற்புதத்தைக் கண்டு கணவன் அஞ்சி விலகியபின், அழகிய உடலை உதறிப் பேய் வடிவு பெற்று, காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து கயிலையை அடைந்தார். இறைவன் அம்மையே என்று அழைத்து, வேண்டுவது யாது என்று கேட்டான். பிறவாமை கேட்டார்; பிறந்தால் மறவாமை கேட்டார்; அதற்கும் மேலே, அவன் ஆடும்போது அவன் திருவடியின் கீழிருந்து மகிழ்ந்து பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார். திருவாலங்காட்டில் அது வாய்த்தது.

சிற்பிகள் இந்த வரத்தின் பொருளை நன்கு உணர்ந்திருந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் அருகே எலும்புருவாய் அமர்ந்து தாளமிடுகிற அம்மையாரைக் காணலாம். அறுபத்து மூவர் வரிசையில் மற்ற நாயன்மார் நிற்க அம்மையார் ஒருவர் அமர்ந்திருப்பார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று, கையில் தாளத்தோடும் முகத்தில் சிரிப்போடும், அமெரிக்காவின் கான்ஸாஸ் சிட்டி நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெய்ஸ்மித் பணியாற்றியதும், ஆலனும் ஸ்மித்தும் பயின்றதுமான லாரன்ஸ் நகரம் அங்கிருந்து ஒரு மணி நேரப் பிரயாண தூரம். இது தற்செயலே, ஆயினும் ஆடுபவரை அமர்ந்து கண்டு மகிழும் கலை அந்நகரத்தாருக்கு அந்நியமானது அன்று.

அம்மையார் தாளமிடுவதால் இறைவன் ஆடவில்லை. அவர் நிறுத்தினால் ஆட்டம் நிற்கப் போவதும் இல்லை. ஆயினும் அவர் தாளம் ஆட்டத்துக்குப் புறம்பானது அன்று. மூவுலகில் எதையும் கேட்கக்கூடிய இடத்தில் நின்றவர், தானும் ஆட வேண்டும் என்று கேட்கவில்லை. ஆட்டத்தைத் தாமே நடத்த வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆடுகிறவருக்கு மிக அருகில், ஆட்டத்தின் நயம் ஒன்றும் தப்பாமல், தன் பெயர் எழாத இடத்தில் இருப்பதை முத்திக்கும் மேலான வரமாகக் கேட்டார். ஆகையால் ஒருவரைப் பயிற்சியாளராக நியமிக்கும்போது கல்லூரித் தலைவர்கள், அவர் எத்தனை கோப்பை கொண்டு வந்தார் என்பதோடு, பிறர் ஆடுவதைக் காண அவருக்கு உள்ளபடியே ஆசை இருக்கிறதா என்றும் விசாரிப்பது நலம். அந்த ஆசை இல்லாதவர் எத்தனை வித்தை அறிந்தவராயினும் ஐவரின் நடுவே ஆறாவது ஆணவமாகப் புகுந்துவிடுவார். அது உடையவர், நெய்ஸ்மித்தைப் போல் வென்றதைவிட அதிகமாகத் தோற்றாலும், ஆட்டத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்.